சாக்கெட் வேலை பார்த்தவள்

அவள் பஸ்ஸுக்காக நின்று நான் பார்த்ததில்லை. ஆனைக்குட்டம் பக்கத்தில் ஒரு கிராமம் அவளுக்கு. காலையில் பஸ் நிறுத்தத்துக்கு வருவாள். பஸ் இல்லையென்றால் சிவகாசி இருக்கிற திசையில் நடக்க ஆரம்பித்துவிடுவாள். பின்னால் வருகிற பஸ், ஏதாவதொரு பட்டாசுக் கம்பெனி போர்டுக்குக் கீழே அவளைப் பிடித்து ஏற்றிக்கொள்ளும். டிரைவர்களுக்குப் பழகிவிட்டது. ஒருமுறை அவள் வீட்டுக்குப் போய்த் தங்கிவிட்டு மறுநாள் சேர்ந்து கிளம்பியபோது, நிழலில் நின்றால் என்ன என்று கேட்டேன். “பஸ்ஸுக்கு ரோடு தெரியும். நான் நின்னு பாத்தா வெரசா வந்துருமா?” என்று சொல்லிவிட்டு, துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தாள். அன்றைக்குப் பஸ் வரவே இல்லை. அட்டைப்பெட்டி ஏற்றிப்போன டிராக்டரில் தொற்றிக்கொண்டு ஆபீஸ் வந்து சேர்ந்தோம். அதையும் தன் கட்சிக்குக் கிடைத்த வெற்றியாகவே எடுத்துக்கொண்டாள்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச வருடங்கள் ஆகியிருந்த சமயம் அது. ஊரில் எல்லாரும் பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் முதலாளி தன் அப்பாவின் அச்சகத்து மாடியில் நாலு மேசை போட்டு, சாப்ட்வேர் கம்பெனி என்று போர்டு மாட்டினார். கீழே காலண்டரும் வெடிப்பெட்டி லேபிளும் அடிக்கிற மிஷின் ஓடும்போது மேலே எங்கள் மானிட்டர்கள் குளிர்காய்ச்சல் கண்டதுபோல நடுங்கும். திரைகளை வரைவது என் வேலை. பட்டன் எங்கே, கட்டம் எங்கே, எந்த நிறம் என்பது வரை நான். பட்டனை அமுக்கினால் பின்னால் என்ன நடக்கவேண்டும் என்பது அவள்.

எங்களுடைய பெரிய வாடிக்கையாளர் ஒரு பட்டாசுக் கம்பெனி. டவுனுக்குள் அவர்களுக்கு விற்பனை ஆபீஸ். ஃபேக்டரியும் குடோனும் வெம்பக்கோட்டை போகிற வழியில். ஆர்டர் டவுனில் விழும், சரக்கு அங்கே கிடக்கும். நடுவில் நாள் முழுக்கப் போனில் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் கத்தலைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொடுத்தோம். எங்கள் ஆபீஸ் மூலையில் ஒரு பெட்டி. டவுன் ஆபீஸும் ஃபேக்டரியும் தனித்தனி லைனில் அதற்குள் வந்து பேசிக்கொள்ளும். கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேச இரண்டு பக்கமும் திறந்து வைக்கிற வாசலுக்குச் சாக்கெட் என்று பெயர். அவள் செய்தது அந்த வேலை.

அவளுடைய அம்மா அதே ஃபேக்டரியில் சரக்குக் கட்டுகிற பிரிவில் இருந்தாள். மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சாக்கெட் வேலை என்று பெருமையாகச் சொல்லிவைத்தாள். அதன் பலன், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டு வாசலில் பழுதான மிக்சியும் அயர்ன்பாக்ஸும் வரிசையாக வந்து நிற்க ஆரம்பித்தன. அவளும் ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை. வைத்துவிட்டுப் போங்கள், சரியானதும் சொல்லிவிடுகிறேன் என்பாள். எதுவும் சரியானதில்லை. யாருக்கும் சொல்லிவிடவும் இல்லை. ஆபீஸில் நாங்களும் அவளைச் சாக்கெட்டு என்றே கூப்பிட்டோம்.

முதலாளி தானும் புரோகிராம் எழுதுவேன் என்று நம்புகிறவர். மதுரையில் ஒரு கோர்ஸ் படித்திருந்தார். முதல் சாப்ட்வேர் அவர் எழுதியதுதான். அது ஆர்டரை அனுப்பிவிட்டு, பதில் வந்ததா, பதில் வந்ததா என்று ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும். அப்படிக் கேட்கும்போது அதற்கு வேறெதுவும் காதில் விழாது. பட்டனை அமுக்கினாலும் தெரியாது, மவுசை ஆட்டினாலும் தெரியாது. திரை வெளுத்துப்போய்ச் செத்த மீன் மாதிரி கிடக்கும். டவுன் ஆபீஸ் கணக்கர் மானிட்டரின் பக்கவாட்டில் அறைந்து பார்ப்பார். சீசன் நேரத்தில் அந்த மானிட்டர் வாங்கிய அடிக்கு அளவில்லை.

அவள் வேலைக்குச் சேர்ந்த வாரம் அந்த வரிகளைப் பார்த்துவிட்டு முதலாளியைக் கூப்பிட்டாள். “அண்ணாச்சி, குக்கர அடுப்புல வச்சுட்டு மூடியவே பாத்துக்கிட்டு நிப்பீகளா? விசில் அடிச்சா வந்து எறக்குங்க. அதுவரைக்கும் வெங்காயம் உரிக்கலாம், பிள்ளைய வையலாம், எம்புட்டோ சோலி இருக்கு.” சொல்லிக்கொண்டே அவர் எழுதிய பக்கத்தை அவர் கண்முன்னாலேயே அழித்தாள். லைன் கிடைத்தால் இதைச் செய், செய்தி வந்தால் இதைச் செய், கோளாறு என்றால் இது, அந்தப் பக்கம் மூடிவிட்டால் இது என்று ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனித்தனியாக எழுதினாள். மற்ற நேரத்தில் புரோகிராம் சும்மா இருக்கும். யார் பட்டனை அமுக்கினாலும் உடனே திரும்பிப் பார்க்கும். கணக்கரின் உள்ளங்கை பிழைத்தது. முதலாளி அன்று மத்தியானம் முழுக்கக் கீழே போய் மிஷின்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அவளும் சறுக்காமல் இல்லை. லைனில் ஒரு செய்தி ஒரே மூச்சில் வந்துசேரும் என்று உத்தரவாதம் கிடையாது. பாதி இப்போது வரும், மீதி கொஞ்சம் பொறுத்து வரும். ஐந்நூறு பெட்டிச் சங்குச்சக்கரத்துக்கு வந்த ஆர்டர் ஒன்று, கடைசிப் பூச்சியத்தைப் பின்னால் விட்டுவிட்டு முன்னால் வந்துவிட்டது. அவளுடைய புரோகிராம் வந்தவரைக்கும் வாங்கிக்கொண்டு, ஐம்பது பெட்டிக்கு லோடு போடச் சொல்லிவிட்டது. ஆர்டர் கொடுத்திருந்த வடக்கத்தி வியாபாரி போனில் பேசிய இந்தி எங்களில் யாருக்கும் புரியவில்லை. புரியவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு செய்திக்கும் கடைசியில் ஒரு முற்றுக்குறி வைத்தாள். அது வரும்வரைக்கும் வருவதைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், வாயைத் திறக்காது.

அந்தப் பழக்கம் புரோகிராமோடு நிற்கவில்லை. அவளிடம் யாராவது பேசிவிட்டு மூச்சு வாங்கினால், “முடிஞ்சுதா, இன்னும் இருக்கா?” என்று கேட்க ஆரம்பித்தாள். முதலாளியிடம் கேட்டாள். டீ கொண்டுவருகிறவரிடம் கேட்டாள். பெண் பார்க்க வந்தவர்களிடமும் கேட்டாள்.

மல்லாங்கிணறு பக்கமிருந்து வந்திருந்தார்கள். நானும் அன்றைக்கு அவள் வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசுகிறவர். எங்க பையன் என்பார், கேசரியைப் பார்ப்பார், ரொம்பச் சாது என்பார், சுவரைப் பார்ப்பார். அப்படிச் சுவரைப் பார்த்த ஒரு இடைவெளியில் இவள் தன் கேள்வியைக் கேட்டுவிட்டாள். அவளுடைய அம்மா தலையில் கைவைத்தாள். மாப்பிள்ளை மட்டும் குனிந்துகொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். ஊருக்குப் போய்ச் சொல்லிவிடுகிறோம் என்று கிளம்பிப் போனார்கள்.

சொல்லவில்லை. அம்மா தினமும் கேட்பாள், யாரையாவது விட்டு விசாரிக்கலாமா என்று. இவள் விடவில்லை. “சொல்றவுக சொல்லட்டும். நாம போயிக் கேட்டுத்தான் சொல்லுவாகன்னா அது என்ன சம்மதம்?” என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்கு வந்து வேலையைப் பார்த்தாள். ஐப்பசி போனது, கார்த்திகை போனது. தை மாசத்துக் கல்யாணங்களுக்குக் கீழே பிரஸ்ஸில் பத்திரிகை அடிக்கிற நெருக்கடியில், பிழை பார்க்க ஆள் இல்லையென்று கொஞ்சத்தை மாடிக்கு அனுப்பினார்கள். அதில் ஒன்றில் அந்த மாப்பிள்ளையின் பெயர் இருந்தது. பெண் பெயர் வேறு. நான் அதை ஒளிக்கப் பார்த்தேன், அதற்குள் வாங்கிவிட்டாள். நிதானமாக முழுக்கப் படித்தாள். முகூர்த்தம் என்பதில் விட்டுப்போயிருந்த ஒரு புள்ளியைச் சிவப்பு மையால் வைத்துக் கீழே அனுப்பினாள். “பதில் வந்துருச்சு பாரு,” என்றாள் என்னிடம். பிறகு என் டிபன்பாக்ஸையும் சேர்த்துக் காலி செய்தாள். எனக்கு அப்போது அவள்மேல் இரக்கம் வரவில்லை. லேசாகப் பயம் வந்தது.

என் திரையில் ஒரு மூலையில் இரண்டு வட்டங்கள் வரைந்து வைத்திருந்தேன். ஒன்று டவுன் ஆபீஸ், ஒன்று ஃபேக்டரி. லைன் கிடைத்துவிட்டால் பச்சை. அந்தப் பக்கம் மூடினால் சிவப்பு. கரண்டு போனால்கூட ஃபேக்டரி கணக்கர் பேட்டரியில் ஓடும்போதே முறையாக மூடிவிட்டுத்தான் எழுந்திருப்பார், வட்டம் சிவப்பாகும். யாரும் குறை சொன்னதில்லை.

நல்ல கோடை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் தரை ஒருமுறை தூக்கிப்போட்டது. கீழே மிஷின் ஓடிக்கொண்டிருந்தும் அந்த அதிர்வு வேறு என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. மிஷினை நிறுத்தினார்கள். இந்த ஊரில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் எல்லாரும் தங்கள் ஆட்கள் யார் யார் எங்கே என்று மனதுக்குள் ஓட்டிப்பார்ப்பார்கள். முதலாளி போனை எடுத்தார். எங்கே அடித்தாலும் லைன் கிடைக்கவில்லை. ஊரே போனில் இருந்தது.

கீழே காலண்டருக்குத் தகரம் அடிக்கிற அக்கா ஒருத்தி படியேறி வந்தாள். அவள் புருஷனும் அதே ஃபேக்டரியில் வேலை. “தாயி, ஒன் பொட்டில அங்கன என்னமும் காட்டுதா?” என்று கேட்டாள். இவள் திரையைப் பார்த்தாள். பச்சை.

“லைன் இருக்குக்கா. அங்கன ஒண்ணுமில்ல. வெடிச்சது வேற எடம்.”

அக்கா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். இவளும் திரும்பி உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தட்ட ஆரம்பித்தாள். தன் அம்மா அங்கே இருக்கிறாள் என்பதை அவள் மறக்கவில்லை. பச்சையை நம்பினாள், அவ்வளவுதான்.

லேபிள் ஏற்ற வந்த வேன் டிரைவர்தான் எந்தக் கம்பெனி என்று சொன்னார். கீழேயிருந்து ஓடிவந்து முதலாளி சொன்னபோதும் வட்டம் பச்சையாகவே இருந்தது. அவள் ஃபேக்டரிக்கு ஒரு செய்தி தட்டி அனுப்பினாள். பதில் இல்லை. இன்னொன்று அனுப்பினாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஏதோ ஞாபகம் வந்தது மாதிரி அந்த வட்டம் சிவப்பானது. அதற்குள் அவள் படியில் பாதி இறங்கியிருந்தாள்.

முதலாளியின் காரில் நாங்கள் மூன்று பெண்களும் போனோம். அக்கா வழியெல்லாம் வாய்க்குள் சாமி பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஃபேக்டரி வாசலுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் கட்டுகிற பிரிவுப் பெண்கள் மொத்தமாக உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய அம்மா தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளாக இருந்தாள். மகளைப் பார்த்ததும், வேலை நேரத்தில் எதற்கு வந்தாய், சம்பளத்தைப் பிடிக்கமாட்டார்களா என்று வைதாள். வெடித்தது மருந்து உலர்த்துகிற இடம். ஆள் இல்லாத நேரம். உயிர்ச்சேதம் இல்லை. பக்கத்து ஆபீஸ் அறையின் கூரை கம்ப்யூட்டரின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. கணக்கர் வெளியே கைகழுவிக்கொண்டிருந்தார். ஆனால் அந்தப் பக்கமாகப் பெட்டி தூக்கிக்கொண்டு போன அக்காவின் புருஷனுக்கு இரண்டு கையும் வெந்துவிட்டது. முன்னாலேயே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துவிட்டு அக்கா வராந்தாவுக்கு வந்தாள். கையிரண்டும் கட்டு, முகத்தில் ஒன்றுமில்லை, பேசுகிறார் என்றாள். பிறகு இவளைப் பார்த்தாள். சத்தமில்லாமல்தான் சொன்னாள்.

“நீ சொன்னேன்னுதான் நான் ஒக்காந்து சோறு தின்னேன்.”

இவள் அன்று, முடிந்ததா, இன்னும் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

மறுநாள் ஆபீஸில் அவள் எனக்கு விளக்கினாள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் கதவை முறையாக மூடினால்தான் மூடிவிட்டேன் என்ற செய்தி வரும். நசுங்கிச் செத்த பெட்டி எதைச் சொல்லும்? சொல்லாவிட்டால் இந்தப் பக்கத்துக்கு எந்த நிகழ்வும் கிடையாது. இது பாட்டுக்குப் பச்சையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். “விசில் அடிக்கும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் இவளே. குக்கரே இல்லைன்னா யாரு அடிப்பா?” என்றாள். புத்தகத்தில் அது இருந்ததாம். படித்திருக்கிறாளாம். ஆர்டர் சாப்ட்வேருக்கு எதற்கு என்று விட்டுவிட்டாளாம்.

பிறகு உட்கார்ந்து ஒரு கடிகாரத்தை உள்ளே எழுதினாள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை எங்கள் பெட்டி, இருக்கிறாயா என்று ஃபேக்டரியைக் கேட்கும். இருக்கிறேன் என்று வந்தால் பச்சை. வராவிட்டால் மூன்றாவதாக ஒரு நிறம் வேண்டுமென்றாள். மஞ்சள் போட்டேன். பக்கத்தில் ‘தெரியல’ என்று எழுதச் சொன்னாள். அந்தச் சொல்லுக்காக முதலாளிக்கும் அவளுக்கும் ஒரு வாரம் சண்டை நடந்தது. காசு கொடுத்து வாங்குகிற சாப்ட்வேர் தெரியல என்று சொன்னால் எவன் வாங்குவான் என்று அவர் கேட்டார். ‘சரிபார்க்கப்படுகிறது’ என்று கௌரவமாகப் போடலாம் என்றார். “யாரு அண்ணாச்சி சரிபாக்கா? ஒருத்தரும் பாக்கல. தெரியலன்னா தெரியலன்னு சொல்லட்டும்,” என்றாள். அவர் தன் சொல்லை என்னிடம் ரகசியமாகக் கொடுத்து மாற்றச் சொன்னார். காலையில் நான் மாற்றுவேன், மத்தியானத்துக்குள் அவள் திருப்பிவிடுவாள். கடைசியில் அவருக்கு அலுத்துவிட்டது. அந்தக் காலத்துத் தொலைபேசி லைனின் லட்சணத்துக்கு ஒரு நாளைக்குப் பாதி நேரம் தெரியல என்றே இருந்தது. டவுன் ஆபீஸ் கணக்கர் மறுபடியும் மானிட்டரை அடிக்க ஆரம்பித்தார்.

அக்காவின் புருஷனுக்குக் கை ஆறியது, விரல்கள் மட்டும் நிமிரவில்லை. கம்பெனி அவரை வாசலில் வாட்ச்மேனாகப் போட்டது. வாசலில் ஒரு போன் உண்டு. இவள் தினமும் மத்தியானம் அந்தப் போனுக்கு அடித்து, அம்மாவைக் கூப்பிடச் சொன்னாள். அம்மா வெயிலில் நடந்துவந்து, “உசுரோடதான் இருக்கேன், வையி,” என்று சொல்லிவிட்டுப் போவாள். கூட வேலை பார்க்கிறவர்கள் கேலி செய்யவே, வாட்ச்மேனிடம் சொல்லிவைத்துவிட்டாள். அதன்பிறகு இவள் அடித்தால் அவரே “இருக்காக, இருக்காக” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். சில நாள் போனபிறகு இவளுக்குச் சந்தேகம் வந்து, அம்மா என்ன நிறச் சேலை கட்டியிருக்கிறாள் என்று கேட்டாள். அவர் யோசித்துப் பச்சை என்றார். அம்மா அன்றைக்கு வேலைக்கே போகவில்லை, சாத்தூரில் ஒரு சடங்கு வீட்டில் இருந்தாள்; அது தெரிந்துதான் இவள் கேட்டிருந்தாள். போனிலேயே அந்த மனிதரை அவள் வைத வசவை முதலாளி தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்.

அக்கா எங்களோடு பேசாமல் இல்லை. படியில் பார்த்தால் சிரிப்பாள். ஆனால் மாடிக்கு வருவதை நிறுத்தியிருந்தாள்.

அடுத்த கோடையில் ஒருநாள் மறுபடியும் தரை அதிர்ந்தது. கீழே மிஷின் நின்றது. கொஞ்ச நேரத்தில் அக்கா வந்து எங்கள் வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை, எதுவும் கேட்கவும் இல்லை. திரையில் ஃபேக்டரி வட்டம் பச்சை. கடிகாரம் கேட்டுக்கொண்டிருந்தது, அங்கிருந்து பதிலும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அவள் எழுதியதுதான், சரியாகத்தான் ஓடியது. அவள் அதைப் பார்த்தாள். வாசல் போனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. ரிசீவரை வைத்துவிட்டு என்னிடம் கையை நீட்டினாள். என் வண்டிச் சாவியைக் கொடுத்தேன்.

“வாங்கக்கா, போயிப் பாத்துட்டு வருவோம்.”

அவள் வண்டி ஓட்டப் பழகி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அக்கா பின்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். தெருமுனையில் ஒரு மாட்டுவண்டியை உரசிக்கொண்டு திரும்பியதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்து முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

வெயில் தாழ்ந்துதான் திரும்பி வந்தார்கள், ஹேண்டில்பாரில் ஓலையில் கட்டிய நுங்கோடு. எங்கேயோ கல்குவாரியில் வெடி வைத்திருக்கிறார்கள். ஃபேக்டரியில் யாருக்கும் ஒன்றுமில்லை. வாட்ச்மேன் போனை எடுக்காததற்குக் காரணம், கேட்டுக்குப் பின்னால் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்ததுதான். இவர்கள் இரண்டு பேரும் போய் எழுப்பியதும் அவர் திட்டிய திட்டை அக்கா படிக்கட்டில் நின்றபடி எங்களுக்கு நடித்துக் காட்டினாள். அவரைப் போலவே மீசையைத் தடவி, அவரைப் போலவே வளைந்த விரலை நீட்டி. இவள் கடைசிப் படியில் உட்கார்ந்து நுங்கைக் கட்டைவிரலால் நோண்டிக்கொண்டே சிரித்தாள். நுங்குத் தண்ணீர் சுடிதாரெல்லாம் வழிந்தது. அக்கா முடித்துவிட்டு மூச்சு வாங்கினாள். இவள் இன்னொரு நுங்கை எடுத்து அவளிடம் கொடுத்து, முதலிலிருந்து இன்னொருமுறை நடிக்கச் சொன்னாள்.